புள்ளி வைத்த கை

காலையில் இஸ்திரி போடாத சட்டையோடு டியூட்டிக்கு வருகிறவர்களை நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆதித்யா சார். அவரவர் சட்டை, அவரவர் சுருக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேபில் சிலர் என்னைப் பற்றி வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

ரெக்கார்டு ஆகிறதா? நல்லது. உங்கள் போன் மேஜையில் கோணலாக இருந்தது, நேராக வைத்துவிட்டேன். தவறாக நினைக்க வேண்டாம்.

பெயர் வேலுச்சாமி. ஊர் கோவில்பட்டி. ஷார்ஜா தொழில்பேட்டைக்கு வந்து, இந்த ஈஸ்ட் கம்பெனியில் லேப் டெக்னீஷியனாகப் பதினெட்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஊரில் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தேன். குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும்போது, வளைந்த குச்சியைக் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் எடுத்து எறிந்துவிடும். அந்த விரல்தான் இந்த விரல். விசா பாரத்தில் அதைக் குறிப்பிட இடம் இல்லை.

நீங்கள் ஹெட் ஆபீஸிலிருந்து எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெரிய டேங்க் கட்டிதட்டி நின்றதற்கு யார் காரணம் என்று தெரிய வேண்டும். எங்கள் விஞ்ஞானி அகிலா மேடம் நடக்காததை நடந்ததாக எழுதிக் கம்பெனியை ஏமாற்றினார் என்று மேனேஜர் ராஜிக் சார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது உறுதியானால் வியாழக்கிழமை அவருக்கு விசா கேன்சல். பிறகு எந்த லேபும் அவரைச் சேர்க்காது. அகிலா மேடம் பொய் எழுதவில்லை, சார். நடந்ததை நான் சொல்கிறேன். கேட்டு முடித்ததும், யாருமே தப்புச் செய்யவில்லை என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

ஈஸ்ட் ஒன்றைத் தனியாகக் கண்ணால் பார்க்க முடியாது. தட்டில் தடவி இரண்டு நாள் சூட்டில் வைத்தால், விழுந்த இடத்திலேயே பெருகிப் பொட்டு அளவுக்கு வரும். அதைத்தான் காலனி என்கிறோம். ஒரு தட்டில் நூறு காலனி இருக்கலாம். நம் கம்பெனி ஈஸ்ட்டின் காலனி சட்டைப் பட்டன் மாதிரி இருக்கும். வட்டம், வழவழப்பு, வெள்ளை. பதினெட்டு வருடம் நான் சந்தோஷமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு வருடத்துக்கு முன் அகிலா மேடம் அல் ஐன் பக்கம் ஒரு பேரீச்சைத் தோட்டத்தில், உதிர்ந்து வெயிலில் கிடந்த பழத்திலிருந்து ஒரு காட்டு ஈஸ்ட்டை எடுத்து வந்தார். அதன் காலனியைப் பார்த்த அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. கசக்கி எறிந்த கைக்குட்டை மாதிரி இருந்தது. நடுவில் மேடு, சுற்றிலும் மடிப்பு, மடிப்புக்குள் இன்னொரு மடிப்பு. நூறும் அப்படியே. மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு அழகு பாருங்கள் என்றார். நிறையப் படித்தவர்கள் சில நேரம் அப்படித்தான்.

அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். சுருக்கம் அழுக்கு இல்லையாம். ஒரு ஜீன் ஒருவிதப் பசையைச் செய்யச் சொல்கிறதாம். அந்தப் பசையால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்குமாம். மடிப்புக்குள் ஈரம் தங்கும். வெயிலில் வெளியே இருப்பவை செத்தாலும் உள்ளே இருப்பவை பிழைக்கும். இந்த ஈஸ்ட்டுக்குக் கூடுதலாக ஒரு குரோமோசோம் இருப்பதால்தான் பசை இத்தனை அதிகம். அதைத் தொலைத்துவிட்டால் மறுபடி பட்டன் மாதிரி வழவழப்பாகிவிடும். நூறில் ஒன்றோ இரண்டோ அப்படித் தானாகத் தொலைப்பதும் உண்டு.

மேடத்தின் கேள்வி இதுதான். பாலைவனத்து ஈஸ்ட்டைக் கூட்டி வந்து, வேளாவேளைக்குச் சர்க்கரை கொடுத்து, கஷ்டமே தெரியாமல் வைத்துக்கொண்டால், அது தன் சுருக்கத்தை விட்டுவிடுமா? விடுமென்றால் எத்தனை தலைமுறையில்? கம்பெனிக்கும் இதில் அக்கறை இருந்தது. வெயில் தாங்குகிற ஈஸ்ட் வேண்டும். ஆனால் பசை பிடித்த ஈஸ்ட் டேங்கில் கட்டிகட்டியாகிக் குழாயை அடைத்துவிடும்.

பன்னிரண்டு தட்டில் ஆரம்பித்தோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு தட்டிலும் ஒரே ஒரு காலனியை எடுத்துப் புதுத் தட்டில் தடவ வேண்டும். எதை எடுப்பது என்பதில்தான் விஷயம். மனிதக் கண் ஓரவஞ்சனை செய்யும் என்பார் மேடம். அதனால் ஒரு விதி வைத்தார். தட்டின் அடியில் மார்க்கரால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு மிக அருகில் எது முளைக்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும், அழகோ அசிங்கமோ. விதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்து லேமினேட் செய்து கொடுத்தார். ஸ்பிரிட் லெவல் வைத்துச் சுவரில் ஒட்டியவன் நான்.

அதில் இரண்டாவது வரி, ஈஸ்ட்டைத் தடவுவதற்கு முன்பே புள்ளியை வைத்துவிட வேண்டும் என்கிறது. அந்த வரியை நான் படித்தேன். மறைக்க மாட்டேன். ஆனால் அது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒன்றுமே முளைக்காத தட்டில் புள்ளி வைப்பது, ஆள் வருவதற்கு முன்பே பந்தியில் சாம்பார் ஊற்றுவது மாதிரி. யாருக்கு ஊற்றுகிறோம் என்று தெரிய வேண்டாமா? நான் காலனி முளைத்த பிறகு வைத்தேன். வைத்த பிறகு விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். புள்ளிக்கு மிக அருகில் இருந்ததைத் தவிர வேறு ஒன்றை நான் எடுத்ததே இல்லை.

புள்ளி எங்கே விழுந்தது என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் வழவழப்பான ஒன்றின் பக்கத்தில் விழுந்தது. ஒரு தட்டில் அப்படி எதுவும் இல்லாவிட்டால், இருப்பதற்குள் சுருக்கம் குறைந்ததன் பக்கத்தில் விழும். நான் அவசரப்படவில்லை. முதல் வாரம் மூன்று தட்டு திருந்தியது. அடுத்த வாரம் இரண்டு. ஆறாவது வாரம் பன்னிரண்டும் பட்டன். மேடம் அதைக் கம்ப்யூட்டரில் கோடாகப் போட்டுக் காட்டினார். படிக்கட்டில் இறங்குகிற மாதிரி அழகான கோடு. அவற்றின் குரோமோசோமை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். பன்னிரண்டிலும் அந்தக் கூடுதல் ஒன்று இல்லை. மேடத்தின் கண்ணில் தண்ணீர். எனக்கு அவர் எமிரேட்ஸ் சாக்லெட் டப்பா ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதை நான் அடுக்கி வைத்திருக்கிறேன், இன்னும் சாப்பிடவில்லை.

பிறகு என் மகள் பானுப்பிரியாவின் கல்யாணத்துக்காக ஆறு வாரம் லீவில் போனேன். அந்த நேரத்தில் மேடம் எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று, காட்டு ஈஸ்ட்டின் மூல ஜாடியிலிருந்து புதிதாக நான்கு தட்டு ஆரம்பித்துச் சுஜந்தனிடம் கொடுத்திருக்கிறார். மேடமே அபுதாபியில் ஒரு மாநாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்ததால் தட்டுகளைப் பார்க்க நேரமில்லை.

சுஜந்தன் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டிக்காரர்தான். ஆனால் லேப் கோட்டின் கைகளைச் சுருட்டி விட்டுக்கொள்வார், ஒன்று முழங்கைக்கு மேல், ஒன்று கீழ். நான் லீவிலிருந்து திரும்பி இன்குபேட்டரைத் திறந்தால் நான்கு தட்டிலும் கசங்கிய கைக்குட்டை. பத்தொன்பது முறை மாற்றித் தடவியிருக்கிறார், ஒன்றுகூடத் திருந்தவில்லை. எனக்கு அவருக்காகவே வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து, மார்க்கரை எடுத்தேன். சுஜந்தன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“அண்ணை, நீங்கள் புள்ளி வைக்கிறதப் பாத்தா கோழிக்குஞ்சுக்கு மேல பருந்து சுத்துற மாதிரிக் கிடக்கு” என்றார்.

நான் வேலையைக் கவனித்தேன்.

“புள்ளி முதல்ல விழ வேணும், அண்ணை. பிறகு வைச்சா அது புள்ளி இல்லை. தீர்ப்பு.”

அவர் சொன்னதை நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு கையை மேலும் ஒரு கையைக் கீழும் சுருட்டுகிற ஒருவரிடம் எனக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. அவருடைய பழைய தட்டுகளை எல்லாம் ஆட்டோகிளேவில் வைத்தேன். அது பெரிய குக்கர் மாதிரி, சார். நூற்று இருபத்தொரு டிகிரி, இருபது நிமிடம். வேக வைத்த பிறகு எதற்கும் சுருக்கம் இருப்பதில்லை. ராஜிக் சாரிடம் போய், சுஜந்தன் தட்டுகளில் ஏதோ கலப்படம் ஆகிவிட்டது, நான் சுத்தம் செய்துவிட்டேன் என்றேன். அந்த மாதமே சுஜந்தனை ரியாத் டெப்போவுக்கு மாற்றினார்கள். அங்கே பத்தா என்கிற பகுதியில் ஒரு ரூமில் இருக்கிறாராம். அங்கே லேப் கிடையாது, மூட்டை எண்ணுகிற வேலை. கோட்டே போட வேண்டியதில்லை என்பதால் அவருக்கும் அது வசதி.

டேங்க் விஷயத்தில் எனக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை. அகிலா மேடத்தின் கட்டுரையைப் படித்த ராஜிக் சார், நன்றாகத் தீனி போட்டால் இந்த ஈஸ்ட் தானாகவே வழவழப்பாகிவிடும், பிறகு என்ன தாமதம், யல்லா என்று மூல ஜாடியை எடுத்து இருபது டன் டேங்கில் கொட்டச் சொன்னார். மேடம் லீவில் இருந்தார். டேங்குக்குள் புள்ளி வைக்க யாரும் இல்லை. நான்காம் நாள் அது களி கிண்டின மாதிரி ஆகி, குழாய், வால்வு, பம்ப் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. அபாய மணி பத்து நிமிடம் அடித்தது. பேக்கிங் ஹாலில் இருந்த ஒருவரும் அவரவர் இடத்தை விட்டு நகரவில்லை. அவ்வளவு ஒழுக்கம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்றிலிருந்து ராஜிக் சார், மேடம் பொய் எழுதிவிட்டார் என்று ஆரம்பித்தார். அதைக் கேள்விப்பட்டுச் சுஜந்தன் ரியாத்திலிருந்து மேடத்துக்குப் போன் செய்திருக்கிறார். நான் குக்கரில் வைப்பதற்கு முன்பே தன் நான்கு தட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து நான்கு சின்னக் குழாயில் ஃப்ரீசரில் வைத்திருக்கிறாராம். அந்தக் குழாய்களை நான் பார்த்தேன், சார். பல முறை பார்த்தேன். தூக்கி எறியவும் நினைத்தேன். ஆனால் லேபிள்கள் ஸ்கேல் வைத்து ஒட்டியது மாதிரி ஒரே வரிசையில், ஒரே உயரத்தில், அச்சடித்த மாதிரி எழுத்தில் இருந்தன. கை போகவில்லை. பிறகு மேடம் சொல்லித்தான் தெரிந்தது, சுஜந்தன் அதை வேண்டுமென்றே ஸ்கேல் வைத்துத்தான் ஒட்டினாராம். “நேரா இருக்கிறதில அண்ணை கை வைக்க மாட்டார்” என்றாராம். நல்ல மனிதர். கோட்டுக் கையிலும் அதே கவனத்தைக் காட்டியிருந்தால் இன்றைக்கு இங்கேயே இருந்திருப்பார்.

மேடம் அந்த ஈஸ்ட்டை வளர்த்துப் பார்த்தார். நான்கும் கைக்குட்டை. உடனே என் பன்னிரண்டு தட்டுகளின் பழைய படங்களை எல்லாம் எடுத்து மேஜை முழுக்கப் பரப்பினார். ஒவ்வொரு தட்டையும் மேலிருந்தும் அடியிலிருந்தும் படம் எடுத்து வைக்கிற வழக்கம் உண்டு. வெகு நேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“வேலு அண்ணா, இந்தப் புள்ளியெல்லாம் எப்போ வெச்சீங்க?”

“வளர்ந்த பிறகுதான் மேடம். வளர்றதுக்கு முன்னாடி எது எங்க இருக்கும்னு எப்படித் தெரியும்?”

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் சிரிக்கிறார் என்று நினைத்தேன். அபுதாபியில் பிறந்து வளர்ந்த பெண், எப்போது சிரிப்பார், எப்போது இங்கிலீஷில் திட்டுவார் என்று சொல்ல முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பதினாறு மாசமா நான் தேடின ஜீன் நீங்கதான் அண்ணா” என்றார்.

நான் நன்றி சொன்னேன். விஞ்ஞானத்தில் எனக்கும் ஒரு இடம் கிடைத்ததில் எனக்கு நிறைவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் மாறிவிட்டது. என் சட்டையைப் பார்த்தார். சுவரில் இருந்த விதிப் பலகையைப் பார்த்தார். “அண்ணா, வேற எங்கயாவது புள்ளி வெச்சிருக்கீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அது விசாரணையில் சேருமா சேராதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் கேம்ப்பில் எங்கள் ரூமில் ஆறு கட்டில். ஒன்று காலியானால், காத்திருப்போர் பட்டியலில் யாரைப் போடுவது என்று கேம்ப் பாஸ் கௌஸ் முகம்மது என்னிடம்தான் கேட்பார். யாராக இருந்தாலும் சரி, “கோயி பி சலேகா பாய், ஜல்தி” என்பார். அவருக்கு அவசரம். எனக்கு மேடத்தின் விதி இருந்தது. பட்டியலை முழுதாகப் படித்துவிட்டுப் புள்ளி வைப்பேன். புள்ளிக்கு அருகில் எந்தப் பெயரோ அவர் வருவார். யாரையாவது அனுப்ப வேண்டுமென்றாலும் அதே முறை. குறட்டை விடுகிறவர், போனில் மனைவியோடு அழுகிறவர், ஊரிலிருந்து வந்த முறுக்கை எல்லாருடைய கட்டிலிலும் உட்கார்ந்து பகிர்ந்து தின்கிறவர், எல்லாரும் ஒவ்வொருவராக வேறு ரூமுக்குப் போனார்கள். இப்போது ஆறு பேரும் போர்வையை எட்டாக மடிக்கிறவர்கள். போன குளிர்காலத்தில் எனக்கு மூன்று நாள் கடும் காய்ச்சல். எழுந்து தண்ணீர் எடுக்க முடியவில்லை. மூன்று நாளும் ஒருவர்கூட என்னிடம் வந்து என்ன ஏது என்று தொந்தரவு செய்யவில்லை. அப்படிப்பட்ட ரூம்.

இதைச் சொன்னபோது மேடம் மறுபடி தட்டுப் படங்களை எடுத்துப் பார்த்தார். பசை, மடிப்பு, ஈரம் என்று ஏதோ முணுமுணுத்தார். அவர் எப்போதும் ஈஸ்ட் ஞாபகத்திலேயே இருப்பவர்.

அடுத்தது பேக்கிங் ஹால். போன ஜூனில் புது மெஷின் வந்தது. நாற்பது பேரில் பதினோரு பேரை ஊருக்கு அனுப்ப வேண்டும். ராஜிக் சார் நல்ல மனிதர், யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. மேடத்தின் புள்ளி முறை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. விஞ்ஞானம் எடுத்த முடிவு என்றால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. நாற்பது பெயரையும் ஒரு பெரிய தாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அச்சடித்து, கண்ணை மூடிக்கொண்டு பதினோரு புள்ளி வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

நான் முதலில் பெயர்களைப் படித்தேன்.

அன்பரசன், கம்பெனி பஸ்ஸில் காலையும் மாலையும் பாட்டுப் பாடுகிறவன். முகம்மது சித்தீக், சட்டையின் மேல் பட்டனை எத்தனை சொன்னாலும் போடாதவர். ஜோதிமணி, அவள் சிரித்தால் மூன்று மெஷின் தள்ளிக் கேட்கும். யாருக்காவது கையில் அடிபட்டால் தன் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். எல்லாரும் நல்லவர்கள், சார். எனக்கு யாரோடும் எந்த விரோதமும் இல்லை. புள்ளி அவர்களுக்குப் பக்கத்தில் விழுந்தது. ஏர்போர்ட் பஸ்ஸில் ஏறும்போதுகூட அன்பரசன் என்னிடம், “உங்க மேல வருத்தமில்ல அண்ணாச்சி, விதி” என்றான். அவன் தலையெழுத்தைச் சொன்னான். நான் சுவரில் ஒட்டியிருக்கும் விதியை நினைத்துக்கொண்டு ஆமாம் என்றேன். ஹால் இப்போது எவ்வளவு அமைதி என்று நீங்களே போய்ப் பாருங்கள். டேங்க் அடைத்த அன்று மணி அடித்தும் ஒருவரும் ஓடவில்லை என்றேனே, அது இவர்கள்தான்.

ஆக, வாக்குமூலத்தில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள். அகிலா மேடம் விதியைச் சரியாகச் சொன்னார், எழுதியும் கொடுத்தார். பன்னிரண்டு தட்டிலும் புள்ளியைப் பிறகு வைத்தது நான். சுஜந்தனின் தட்டுகளைக் குக்கரில் வைத்தது நான். அவற்றில் கலப்படம் எதுவும் இல்லை; அதுதான் உண்மையான ரிசல்ட். ஃப்ரீசரில் மேல் தட்டில் அந்த நான்கு குழாயும் இருக்கின்றன, மேடத்தின் பெயரைக் காப்பாற்ற அவை போதும். ரூமிலும் ஹாலிலும் புள்ளி வைத்தது இதே கை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கோடு போட்டிருந்தால் நன்றாக இருக்கும்.

உங்கள் தாளில் மூன்று பெயர் எழுதியிருக்கிறீர்கள். அகிலா மேடம், சுஜந்தன், நான். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியும். யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க உங்களுக்குச் சிரமமாக இருக்கும். ஒரு யோசனை சொல்கிறேன். பெயர்களைத் தள்ளித் தள்ளி எழுதிவிட்டு அந்தப் பேனாவை இப்படிக் கொடுங்கள். நான் யாரையும் தேர்ந்தெடுக்க மாட்டேன். என் வாழ்நாளில் யாரையும் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. புள்ளி மட்டும்தான் வைப்பேன்.

மூன்று பெயர் கொஞ்சம் குறைவு, சார். நான்காவதாக உங்கள் பெயரையும் எழுதிவிடுங்கள். உங்கள் காலர் இடது பக்கம் மடிந்திருக்கிறது. வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.